மாடலின் மானம்

தொழிற்சாலையில் எல்லோரும் ஃபிட்டரக்கா என்று கூப்பிடுகிற அம்மாளுக்கு ஆகவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். ஒரு கொண்டியின் ஓரத்தை மழுக்க வேண்டும். அதைக்கூட அவள் ஐந்து வருடமாகத் தன் கையாலேயே செய்துகொண்டுதான் இருந்தாள். இனிமேல் மெஷினே மழுக்கி அனுப்பட்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அப்படிக் கேட்டதால் நடந்தது.

அங்கே செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில். படுத்திருப்பவர் உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு உண்டு. தடுப்பை இறக்க வேண்டுமானால் நர்ஸ் நாலு விரலை ஓர் அலுமினியக் கொண்டிக்கு அடியில் கொடுத்து இழுக்க வேண்டும். அந்தக் கொண்டியை மாடியில் இருக்கும் வடிவமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தார்கள். வரைந்ததற்கு மாடல் என்று பெயர். மாடலில் என்ன இருக்கிறதோ அதைக் கீழே மெஷின் அப்படியே வெட்டித் தரும், கூடவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மாடலில் கொண்டியின் அடி ஓரம் கத்தி மாதிரி இருந்தது. வந்து விழுந்த கொண்டியும் கத்தி மாதிரிதான் இருந்தது.

ஸ்பிரிங்கும் பின்னும் மாட்டி முடிப்பது ஃபிட்டரக்காவின் வேலை. வேலைக்கு வந்த முதல் வாரமே விரல் கிழிந்தது. மறுநாள் முதல் ஒவ்வொரு கொண்டியையும் எடுத்து, அரத்தால் ஓரத்தை உருட்டி அராவி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங் மாட்டினாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. அளவுப் பிரிவுக்காரர்கூட மெஷினிலிருந்து வந்தவுடன் அளப்பாரே தவிர, அக்கா கையிலிருந்து போவதை அளந்ததில்லை. ஐந்து வருடத்தில் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு புகார் வரவில்லை. அதை மாடிக்காரர்கள் பலகையாக அடித்து மாட்டிவைத்திருந்தார்கள்: ‘கொண்டி. ஐந்தாண்டு. புகார் பூஜ்யம்.’

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாடலைப் பார்த்து வேலை நேரத்தைத் தானே போட்டுத்தரும் புது மென்பொருள் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் மாட்ட இவ்வளவு, பின் அடிக்க இவ்வளவு, ஆக மொத்தம் ஒன்பது நிமிடம் என்று சொன்னது. ஃபிட்டரக்காவுக்குப் பதிமூன்று ஆயிற்று. ஃபோர்மேன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நல்ல மனிதர். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கெட்ட சேதி சொல்ல வேண்டி வந்தால் ஸ்பிரிங் டப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார்.

“அக்கா, ஒரு நாளைக்கு அம்பத்திமூணு வரணும்னு போட்டிருக்கு. நீங்க முப்பத்தாறுதான் தர்றீங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் எதையாவது சொல்லி ஓட்டறேன். அதுக்கப்புறம் உங்களை குடோனுக்கு மாத்திடுவாங்க.”

“நாலு நிமிஷம் அராவறேனே தம்பி, அது எங்க போச்சு?”

“அராவறது மாடல்ல இல்லையே.”

“அப்ப மாடல்லயே மழுக்கிடச் சொல்லுங்க. நான் எதுக்கு அரத்தைத் தொடப்போறேன்?”

குடோனில் பெட்டி எண்ணுவதில் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் தன் இடத்துக்கு வருகிறவள் அராவ மாட்டாள். அராவினால் அவளுக்கும் குடோன்தான். அராவாத கொண்டி போகிற ஆஸ்பத்திரிகளில் ஒன்றில்தான் அக்காவின் நாத்தனார் நர்ஸாக இருந்தாள். ஒரே வீட்டில் இருந்து, ஒரே அடுப்படியில் நின்று, யாருக்கும் பயப்படாமல் பேசுகிற நாத்தனார். அவள் விரலும் வெட்டுப்பட்டு, அதை அவள் வாயாலும் கேட்பதென்றால் அக்காவால் முடியாது.

மாடிக்கு எழுதுகிற எதுவும் முதலில் அடிப்படைக் கலைச்சொல் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. அக்கா படிவத்தில் எழுதினாள்: ‘கொண்டிக்கு அடியில் உள்ள கூர் மூலையை மழுக்கவும்.’ மூன்றாம் நாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: ‘மூலை என்று ஒன்று மாடலில் இல்லை.’

நேரில் போனாள். கலைச்சொல் அதிகாரி மெலிந்த மனிதர். மேஜை மேல் ஒரு காகிதம்கூடக் கோணலாக இருக்காது. அவர் கோபிக்கவே இல்லை. இரக்கத்தோடு சொன்னார்.

“அம்மா, மாடல்ல மூணே மூணுதான் உண்டு. பரப்பா இருந்தா அது ஃபேஸ். ரெண்டு ஃபேஸ் சேர்ற கோடு எட்ஜ். எட்ஜுங்க போய்ச் சேர்ற புள்ளி வெர்டெக்ஸ். நீங்க எழுதின மூலை இதுல எது?”

அக்கா பையிலிருந்து கொண்டியை எடுத்து, “இதுதான் சார்” என்று நீட்டினாள்.

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “அது பொருள். நான் மாடலைப் பத்திக் கேக்கறேன். பொருளையெல்லாம் மாடிக்குக் கொண்டுவரக் கூடாதும்மா. எண்ணெய் படும்.”

மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் அந்தக் கொண்டியைத் தொட்டதில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தொடத் தேவையும் இருக்கவில்லை. திரையில் அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். விரல் கிழியாது.

இரண்டாம் படிவத்தில் ‘எட்ஜை மழுக்கவும்’ என்று எழுதினாள். ‘மழுக்குதல் என்ற செயல் மென்பொருளில் இல்லை. ஃபில்லெட் எனில் ஆரம் குறிப்பிடுக. சாம்ஃபர் எனில் கோணம் குறிப்பிடுக’ என்று வந்தது. ஃபில்லெட் என்றால் என்ன, சாம்ஃபர் என்றால் என்ன என்று திரும்பவும் மாடியேறிக் கேட்டாள். அதை வகுப்பில்தான் சொல்லலாம், வராந்தாவில் சொன்னால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்றார் அதிகாரி. நியாயமாகத்தான் இருந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். வாசல் காவலாளி இரண்டாவது வருடமாக உட்கார்ந்திருந்தார். மாடிக் கதவின் கீல் கழன்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தாராம். ‘கதவு’ என்பது பொதுச்சொல், பல பாகங்கள் சேர்ந்தது அசெம்ப்ளி, எந்த அசெம்ப்ளியில் எந்தப் பாகம் எதோடு பொருந்தவில்லை என்று எழுதத் தெரிகிற வரைக்கும் வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் கதவு அதுவரை ஒரு செங்கல்லால் நின்றுகொண்டிருந்தது.

அக்காவுக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. தட்டையாகக் கோடு போட்டால் ஸ்கெட்ச். அதை இழுத்துக் கனம் கொடுத்தால் எக்ஸ்ட்ரூட். ஓரத்தை உருட்டினால் ஃபில்லெட், சரித்து வெட்டினால் சாம்ஃபர். அட, இவ்வளவுதானா என்று தோன்றியது. ஐந்து வருடமாகத் தான் போட்டுக்கொண்டிருந்தது ஃபில்லெட் என்று தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முன்னால் வரைந்தது தாய், அதன் மேல் வரைந்தது பிள்ளை, தாயை அழித்தால் பிள்ளையெல்லாம் சிவப்பாகிப் பிழை காட்டும் என்று அதிகாரி சொன்னபோது கேன்டீன்காரம்மாள் மட்டும் கையைத் தூக்கி, பிள்ளையை அழித்தால் தாய் என்ன காட்டும் என்று கேட்டாள். ஒன்றும் காட்டாது, தாய் அப்படியே இருக்கும் என்றார். மென்பொருளை எழுதியது யாரோ ஆம்பளைதான் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கன்ஸ்ட்ரெயின்ட் பாடத்தன்று அதிகாரி எழுந்து நின்றே பேசினார். அது அவருக்குப் பிடித்த பாடம்.

“ஒரு கோடு திரையில நீலமா இருந்தா அதுக்கு சுதந்திரம் பாக்கி இருக்குன்னு அர்த்தம். எப்ப எந்தப் பக்கம் நகரும்னு சொல்ல முடியாது. அதை நீளத்தால கட்டணும், கோணத்தால கட்டணும், பக்கத்துக் கோட்டோட கட்டணும். ஒரு பக்கமும் நகர முடியாம ஆனதும் கறுப்பாயிடும். அப்பதான் நம்பலாம். இந்த அலுவலகத்துல நான் சேர்ந்தப்ப நிறையப் பேர் நீலமா இருந்தாங்க. இப்ப ஒருத்தர்கூட இல்ல.”

காவலாளி அக்கா பக்கம் சாய்ந்து, நாம் நீலமா கறுப்பா என்று கேட்டார்.

“நாம கோடே இல்லண்ணே” என்றாள் அக்கா.

வீட்டில் நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்க, அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். பரீட்சையில் இருபது கேள்வி. பத்தொன்பது சரி. இருபதாவது கேள்வி: ‘ஒரு பொருளும் அதன் மாடலும் வேறுபட்டால், தவறு எதில் உள்ளது?’ அக்கா யோசித்து, ‘கையில் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்று எழுதினாள். பொருளில் என்று எழுதியிருக்க வேண்டும். மற்ற பத்தொன்பதும் எப்படி இருந்தாலும் இது ஒன்று சரியாக இருந்தால்தான் தேர்ச்சி என்று முடிவு வந்தது. அடுத்த பரீட்சை மூன்று மாதம் கழித்து. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அக்கா தலைமை வடிவமைப்பாளரையே போய்ப் பார்த்தாள். அவர் பெரிய மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொண்டியின் ஓரத்தைப் பற்றி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். மாடலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறது என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும் புன்னகை செய்தார்.

“மாடல்ல தப்பு இருக்காதும்மா. பதினாறு வருஷத்துல இருந்ததில்ல. எப்படின்னு கேளுங்க. தப்புன்னு வெளியில தெரியறதுக்கு முன்னாடியே நாங்க திருத்திடுவோம். திருத்தினப்புறம் தப்பு எங்க இருக்கு? வெளியாள் வந்து மாத்துங்கன்னு கேட்டா, அது கோரிக்கை. அதுக்குப் படிவம், வகுப்பு, பரீட்சை எல்லாம் வேணும். நாங்களே பாத்து நாங்களே திருத்தினா ஒண்ணும் வேண்டாம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியவரும் சார்?”

“அளவுப் பிரிவு இருக்கே. பொருள் ஒரு மாதிரி, மாடல் ஒரு மாதிரி இருந்தா அன்னிக்கே சிவப்பு அறிக்கை வரும். இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல” என்று சொல்லி, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து இதை வரி விடாமல் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை. அவளும் ஒரு பெரிய நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

“இதுல என்ன அண்ணி அதிசயம்? எங்க வார்டுல ஒருத்தரை ஆறாம் நம்பர் கட்டில்ல படுக்க வெச்சிருப்போம். ரெஜிஸ்டர்ல எட்டுன்னு இருக்கும். மாத்தணும்னு நான் எழுதிக் குடுத்தா ஒரு வாரம் ஆகும். ஆனா பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப ஆறுல ஆளும் எட்டுல வெறும் மெத்தையும் இருந்து பாருங்க. யாராவது அந்த மனுஷனைத் தூக்கிட்டு ஓடுவாங்களா? ரெஜிஸ்டரைத்தான் திருத்துவாங்க. அதுவும் டாக்டர் படியேறி வர்றதுக்குள்ள.”

“டாக்டர் வந்தாத்தானே?”

“வர வைக்கணும்.”

மறுநாள் காலை அக்கா, தான் அராவி முடித்த பத்துக் கொண்டிகளை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அளவுப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவர் பதினோரு வருடமாக எல்லாம் சரி, எல்லாம் சரி என்று எழுதி அலுத்துப்போயிருந்தவர். கருவியில் வைத்துப் பார்த்தார். முதல் கொண்டி ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாவது கொண்டியில் அவர் முகத்துக்கு ஒரு களை வந்தது. பத்தும் முடிந்ததும், அலமாரியின் அடித்தட்டிலிருந்து சிவப்புப் படிவத்தைத் தூசி தட்டி எடுத்தார். இது மாதிரி மொத்தம் எத்தனை போயிருக்கும் என்று கேட்டார்.

“அம்பத்திரெண்டாயிரத்துச் சொச்சம்.”

“செஞ்சது யாரு?”

“நான்தான். எழுதிக்குங்க.”

அவர் பேனாவை நிறுத்தினார். “அக்கா, இதை எழுதினா உங்க வேலை போனாலும் போயிடும்.”

“எழுதாட்டியும் எட்டு நாள்ல குடோனுக்குப் போறேன். அப்ப நான் மட்டும் போகலை, நர்ஸுங்க விரலும் சேர்ந்து போகுது. எழுதுங்கண்ணே.”

சிவப்பு அறிக்கை மாடிக்குப் போன பத்தாவது நிமிடம் கூட்டம் கூடியது. அக்காவையும் ஃபோர்மேனையும் கூப்பிட்டார்கள். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, அதன் நடுவில் கொண்டியை வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் அதை எட்ட இருந்து பார்த்தார்கள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கலைச்சொல் அதிகாரி முதலில் பேசினார். தவறு பொருளில் இருப்பதால் பொருளைத்தான் திருத்த வேண்டும், ஐம்பத்திரண்டாயிரம் கொண்டிகளையும் ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்ப வரவழைத்து ஓரங்களை மறுபடி கூராக்கி அனுப்பலாம் என்றார். அராவிக் கொட்டின அலுமினியம் திரும்ப வந்து ஒட்டாது சார் என்று ஃபோர்மேன் பணிவாகச் சொன்னார். மென்பொருளில் செய்ததைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறதே என்றார் அதிகாரி. பொருளுக்கு அந்தப் பொத்தான் கிடையாது என்று விளக்கப்பட்டது. அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பொருளின் மீது அவருக்கு இருந்த மரியாதை இன்னும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

இன்னொருவர், ஓரங்கள் தேய்ந்தது ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதால் என்று எழுதிவிடலாமே என்றார். இந்தப் பத்துக் கொண்டி இன்னும் கட்டிடத்தை விட்டே போகவில்லை என்று அளவுப் பிரிவுக்காரர் வாசலில் நின்றபடி சொன்னார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. பதினோரு வருடத்தில் கிடைத்த ஒரே கூட்டத்தை அவர் விடுவதாக இல்லை.

தலைமை வடிவமைப்பாளர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து எல்லோரும் பார்த்தார்கள். புகார் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் முழுக்க இந்த ஒத்துப்போகாத கொண்டிக்குக் கிடைத்த பூஜ்யம். கொண்டி தப்பு என்றால் பலகையைக் கழற்ற வேண்டும். பலகை சரி என்றால் மாடலை என்ன செய்வது?

பிறகு அவர் எழுந்தார்.

“யாரும் பதற வேண்டாம். மாடல் தப்பு இல்ல. அந்த எட்ஜ் வளைவா இருக்கணும்னு மாடல் ஆரம்பத்துலேருந்தே நினைச்சிருக்கு. அது திரையில தெரியறதுக்குக் கொஞ்சம் தாமதம் ஆயிடுச்சு. பொருள் முந்திக்கிச்சு. அது பொருளோட அவசரம். இப்ப நாம எதையும் மாத்தப்போறதில்ல. மாடல் மனசுல இருக்கறதைத் தெளிவுபடுத்தப்போறோம். குறிப்புல மாற்றம்னு ஒருத்தரும் எழுதக் கூடாது.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கொண்டியின் மாடலைத் திறந்தாள். அடி எட்ஜைத் தொட்டாள். அது பளிச்சென்று நிறம் மாறியது. எவ்வளவு என்று திரும்பிப் பார்த்தாள். மாடியில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

“ரெண்டு” என்றாள் ஃபிட்டரக்கா.

“ரெண்டு மில்லிமீட்டர் ஆரமுள்ள ஃபில்லெட்” என்று அதிகாரி திருத்தினார்.

“அதேதான் சார்.”

அந்தப் பெண் இரண்டு என்று அடித்து ஒரு பொத்தானை அழுத்தினாள். நாலு விநாடி. திரையில் கத்தி மாதிரி இருந்த ஓரம் உருண்டு, அக்காவின் கையிலிருந்து வந்தது மாதிரியே ஆகிவிட்டது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். பரீட்சையில் தேறாத ஒருவர் ஆரம் சொன்னதைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று அதிகாரி மட்டும் கொஞ்ச நேரம் தவித்தார்.

சாயங்காலம் பியூன் இரண்டு காகிதம் கொண்டுவந்தார். ஒன்று அக்காவுக்கு: மாடலுக்கு மாறாக ஐந்து ஆண்டுகள் கொண்டியை அராவியதற்காக வன்மையாகக் கண்டிக்கப்படுகிறீர்கள். இன்னொன்று, மெஷின் பிரிவையும் பார்த்துக்கொள்கிற ஃபோர்மேனுக்கு: மாடலில் ஃபில்லெட் தொடக்கம் முதலே கருதப்பட்டிருந்தும், ஐந்து ஆண்டுகளாக அதை வெட்டாமல் கொண்டிகளை அனுப்பியதற்கு மெஷின் பிரிவு விளக்கம் தர வேண்டும். இரண்டிலும் ஒரே கையெழுத்து. கையெழுத்துப் போட்ட நேரத்தில்தான் அரை மணி வித்தியாசம்.

ஃபோர்மேன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தரம் படித்தார். இதில் ஒன்று சரியென்றால் இன்னொன்று நிற்காதே என்றார். ஒன்றைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதலாமா என்று கேட்டார்.

“எழுதலாம் தம்பி. வகுப்புக்குப் பேர் குடுக்கணும்.”

அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மெஷினிலிருந்து வந்த கொண்டிகள் மழுங்கி வந்தன. அக்கா முதல் கொண்டியை எடுத்துக் கட்டைவிரலை ஓட்டினாள். விரலை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு ஐம்பத்துமூன்று தேறியது. மாசக் கடைசி வந்தது, போனது. குடோனுக்கு யாரும் போகவில்லை. கலைச்சொல் அகராதியின் புதுப் பதிப்பில் ஃபில்லெட் என்ற சொல்லுக்கு எதிரே கொண்டியின் படம் வந்தது. கீழே, தலைமை வடிவமைப்பாளரின் முன்யோசனைக்கு எடுத்துக்காட்டு என்று போட்டிருந்தது. நாத்தனார் அதை வார்டுக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினாள். வந்ததும் வராததுமாக, கொண்டியெல்லாம் சரிதான், கட்டில் கால் பக்கம் பிரேக் மிதிக்கிற பெடல் இருக்கே, அது கணுக்காலைச் சீவுகிறது, அதைப் பற்றி உங்கள் மாடல் ஒன்றும் நினைக்கவில்லையா என்று கேட்டாள்.

பிரேக் பெடல் மாட்டுகிற பெஞ்சில் அப்போது ஆள் இல்லை. அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு மத்தியானம் ஃபோர்மேன் அந்தப் பக்கமாக வந்தபோது, அவள் பெடலை வைஸ் பிடியில் இறுக்கி, ஓரத்தை நிதானமாக அராவிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். ஸ்பிரிங் டப்பாவைப் பார்த்தார்.

“அக்கா, இது மாடல்ல இல்லையே.”

“இன்னும் இல்ல” என்றாள் ஃபிட்டரக்கா.